கட்டுமானப் பாதுகாப்பில் மெய்நிகர் உண்மை

பல்லாவரம், தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர் எனச் சென்னையின் தென்புறநகர்ப் பகுதிகள் இன்று வானோக்கி வளர்ந்து வருகின்றன. ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த நிலங்களில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுகின்றன. அவற்றை எழுப்புவோருள் பலர் ஒடிசா, பீகார், மேற்கு வங்கம், ஆந்திரம் முதலிய மாநிலங்களிலிருந்து வந்தவர்கள். சென்ற மாதம் வரை ஊரில் வயல்வேலை செய்த இளைஞர், இன்று பத்தாம் தளத்துச் சாரத்தின்மீது நிற்கக்கூடும்.

உயரத்தின் ஆபத்தை இயற்பியல் எளிதில் கணக்கிட்டுக் காட்டும். ஒரு தளத்தின் உயரமாகிய மூன்று மீட்டரிலிருந்து விழுபவர் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் தரையை அடைகிறார். அப்போது அவரது வேகம் மணிக்கு ஏறத்தாழ 28 கிலோமீட்டர். பத்துத் தளங்களின் உயரமாயின் நேரம் இரண்டரை நொடி. வேகம் ஏறத்தாழ 87 கிலோமீட்டர். பட்டால்தான் தெரியும் என்பர். இத்தொழிலில் பட்டுத் தெரிந்துகொள்ள மறுவாய்ப்புக் கிடைப்பது அரிது.

இதே இடர்ப்பாட்டை வானூர்தித் துறை முன்னரே எதிர்கொண்டது. இந்திய விமானப்படையின் பயிற்றுநர்களை உருவாக்கும் பள்ளி தாம்பரத்தில் இயங்குவதை நீங்கள் அறிந்திருக்கலாம். பறக்கக் கற்பவர் தவறு செய்தும் உயிர் பிழைக்க வேண்டும். அதற்காகவே அமெரிக்கரான எட்வின் லிங்க், தரையில் இருந்தபடியே பறத்தலைப் பயிற்றும் பொறியை 1929ஆம் ஆண்டு உருவாக்கினார். 1968இல் ஐவன் சதர்லண்ட் தலையில் அணியும் காட்சிக் கருவியை அமைத்தார். மிகுந்த எடை காரணமாக அதனைக் கூரையிலிருந்து தொங்கவிட நேர்ந்தது. அதன் வழித்தோன்றலே இன்று நாம் காணும் மெய்நிகர்க் கண்ணாடி.

இக்கண்ணாடி, இரு கண்களுக்கும் சற்றே வேறுபட்ட இரு படங்களைக் காட்டுகிறது. மூளை அவற்றை இணைத்து ஆழத்தை உணர்கிறது. தலை திரும்பும் திசையை உணரிகள் அறிந்து, காட்சியையும் உடனுக்குடன் திருப்புகின்றன. எனவே சமதளத் தரையில் நிற்கும் தொழிலாளிக்குத் தாம் ஒடுங்கிய பலகையொன்றின்மேல் நிற்பதாகவே தோன்றுகிறது. கீழே பார்த்தால் தெருவும் ஊர்திகளும் சிறுத்துத் தெரிகின்றன, கால்கள் நடுங்குகின்றன. பாதுகாப்புப் பட்டையின் கொக்கியை மாட்டாமல் ஓரடி வைத்தால், காட்சி அவரைக் கீழே வீழ்த்துகிறது. கண்ணாடியைக் கழற்றியபின் அவர் நலமாக நிற்கிறார்; ஆனால் கொக்கியை மறக்கமாட்டார். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் தமிழ் அறியாதவருக்கும் எச்சரிக்கைப் பலகை சொல்லாததை இக்காட்சி சொல்லிவிடுகிறது.

குறைகளும் இல்லாமல் இல்லை. கண் அசைவைக் காண, உட்செவியோ அசைவின்மையை உணர்த்த, அம்முரண்பாட்டால் சிலருக்குக் குமட்டலும் தலைசுற்றலும் உண்டாகும். கம்பியின் எடையும் வெயிலின் களைப்பும் காட்சியில் வாரா. தொடுவுணர்வையும் இத்தொழில்நுட்பத்தில் இணைக்கும் ஆய்வுகள் சென்னை ஐ.ஐ.டி.யில் நடைபெற்று வருகின்றன.

இவற்றினும் பெரிய கேள்வியொன்று உண்டு. 2014ஆம் ஆண்டு ஜூன் 28 அன்று, போரூரை அடுத்த மௌலிவாக்கத்தில் கட்டப்பட்டுவந்த பதினொரு மாடிக் கட்டடம் மழையின்போது இடிந்து விழுந்தது. 61 பேர் மாண்டனர். அருகிலிருந்த மற்றொரு கட்டடமும் பாதுகாப்பற்றதெனக் கருதப்பட்டு, 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. மாண்ட தொழிலாளர் கொக்கியை மாட்ட மறந்தவர் அல்லர். எத்துணைப் பயிற்சி பெற்றிருந்தாலும் அவர்கள் தப்பியிருக்க இயலாது. ஆகவே மெய்நிகர்ப் பயிற்சியைத் தந்துவிட்டு, விபத்து நேர்ந்தால் பொறுப்பு முழுவதையும் தொழிலாளியின் தலைமேல் சுமத்துவது அறமாகாது. கட்டடத் தொழிலாளர்க்கான 1996ஆம் ஆண்டுச் சட்டமும் பாதுகாப்புக் கடமையை வேலையளிப்பவர்மீதே வைத்தது.

எனவே இக்கண்ணாடியைப் பொறியாளரும் மேற்பார்வையாளரும் அணிதல் வேண்டும். தூணின் தாங்குதிறனை அது கணக்கிட்டுத் தராது. அதற்கு முறையான கணக்கீடும் மண் ஆய்வும் நேர்மையான மேற்பார்வையுமே வழி. ஆயினும், இன்னும் எழாத கட்டடத்தின் முப்பரிமாண வடிவத்தினுள் நடந்து, மின்தூக்கிக் குழியின் வாயில் அடைக்கப்படாதிருப்பதையும், படிக்கட்டின் ஓரத்தில் தடுப்புக் கம்பி இல்லாதிருப்பதையும், கொக்கியை மாட்ட உறுதியான பிடிமானமே அமைக்கப்படாதிருப்பதையும் அவர்கள் கண்டறிந்து, முதல் செங்கல் வைக்கும் முன்னரே வரைபடத்தைத் திருத்திக்கொள்ளலாம்.