உப்புப் போடும் இடத்தில் ஷியோ கோஜி

ஜப்பானியச் சமையலில் ஒரே ஒரு பக்குவத்தைக் கற்றுக்கொள்வதென்றால் எதைக் கற்கலாம் என்று யார் கேட்டாலும், ஷியோ கோஜி என்றுதான் சொல்கிறேன். டோக்கியோவில் நாங்கள் குடியிருக்கும் நிஷி கசாய் வட்டாரத்தில் இந்தியக் குடும்பங்கள் நிறைய. தமிழ் பேசுகிறவர்களும் உண்டு. புதிதாக வரும் பெண்கள், "மிளகாய்த்தூளும் இஞ்சி பூண்டு விழுதும் இல்லாமல் இவர்கள் கோழியை எதில்தான் ஊறவைக்கிறார்கள், அக்கா?" என்று கேட்பார்கள். அவர்களுக்கு நான் முதலில் செய்துகாட்டுவது இதைத்தான்.

ஆவியில் வேகவைத்த அரிசியில் ஆஸ்பெர்கில்லஸ் ஒரைசே என்ற பூஞ்சையின் வித்தைத் தூவி, வெதுவெதுப்பான அறையில் இரண்டு நாள் போல வைத்திருந்தால் பருக்கைகள் எல்லாம் வெள்ளையாகப் பூத்துவிடும். அதுதான் கோஜி. பார்லியிலும் சோயாவிலும்கூட வளர்ப்பார்கள். மிசோ, சோயா சாஸ், சாக்கே, மிரின் எல்லாம் இதிலிருந்துதான் தொடங்குகின்றன. 2006-இல் ஜப்பானின் மதுவடிப்புக் கழகம் இந்தப் பூஞ்சையைத் தேசியப் பூஞ்சை என்றே அறிவித்தது. கோஜியைக் கொண்டு சாக்கே, ஷோச்சு முதலிய மதுவகைகளை வடிக்கும் மரபை 2024-இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

கோஜியோடு உப்பும் தண்ணீரும் கலந்து சில நாள் விட்டால் ஷியோ கோஜி. இது பழைய சரக்கு. வடகிழக்கே ஃபுகுஷிமா, யாமகதா பக்கம் உப்பு மூன்று, கோஜி ஐந்து, சோறு எட்டு என்ற பங்கில் கலந்து காய்கறி ஊறவைக்கும் வழக்கம் இன்றும் உண்டு. ஆனால் நகரத்து வீடுகள் இதை மறந்திருந்தன. மறுபடி பரப்பியவர்களில் முக்கியமானவர் அசாரி ம்யோஹோ. க்யூஷு தீவின் சாய்க்கி நகரில் 1689-இல் தொடங்கிய கோஜிக் கடையின் குடும்பத்தைச் சேர்ந்தவர். வீட்டில் கோஜி வாங்குவது அருகிப்போன காலத்தில், சமையலில் இதை எப்படியெல்லாம் பயன்படுத்தலாம் என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொடுத்தார். 2012 வாக்கில் ஜப்பான் முழுக்க ஷியோ கோஜி அலை அடித்தது. ஒரு கடைக்காரரின் உழைப்பு இத்தனை அடுப்படிகளுக்குப் போய்ச் சேர்ந்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை கூடுகிறது.

செய்முறைக்கு வருவோம். உலர்ந்த அரிசிக் கோஜி 200 கிராம், உப்பு 60 கிராம், தண்ணீர் 250 மில்லி. கோஜியைக் கையால் நன்றாக உதிர்த்து, உப்போடு பிசறி, சுத்தமான கண்ணாடி ஜாடியில் போட்டுத் தண்ணீரை ஊற்றுங்கள். மறுநாள் அரிசி தண்ணீரைக் குடித்து மேலே வறண்டிருந்தால், அது மூழ்கும் அளவுக்கு இன்னும் கொஞ்சம் விடலாம். காற்று அடைபடாமல் மூடியைத் தளர்வாக வைத்து, தினமும் ஒரு தடவை சுத்தமான கரண்டியால் கிளறுங்கள். கோடையில் ஒரு வாரத்துக்குள், குளிர்காலத்தில் பத்துப் பதினைந்து நாளில் பதம் வந்துவிடும். பருக்கை விரலில் நசுங்கும், கஞ்சிபோல் குழையும், உப்பின் கடுமை தணிந்து இனிப்பு வாசம் எழும். அப்போது குளிர்பதனப் பெட்டிக்கு மாற்றினால் பல மாதம் கெடாது. உப்பைக் குறைக்கலாமா என்று கேட்பவர்களிடம் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுவேன். கெட்ட கிருமிகள் வளராமல் காப்பதே அந்த உப்புதான்.

ஆட்டுக்கறி சீக்கிரம் வேக நம் வீடுகளில் பப்பாளிக்காய்த் துண்டு போடுவோமே, அதே வேலையைத்தான் கோஜியும் செய்கிறது. அதிலுள்ள நொதிகளில் ஒரு வகை இறைச்சியின் புரதத்தை அறுத்து மிருதுவாக்குகிறது. அறுபடும்போது சுவை தரும் அமினோ அமிலங்கள் வெளிவருகின்றன. இன்னொரு வகை அரிசியின் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குகிறது. மசாலா எதுவும் போடாமலே கறிக்கு ஆழமான ருசி வருவதன் காரணம் இதுதான்.

அளவுக்கு ஒரே விதி போதும்: எடையில் பத்தில் ஒரு பங்கு. 300 கிராம் கோழிக்கு 30 கிராம் ஷியோ கோஜி, அதாவது ஒன்றரை மேசைக்கரண்டி. நாம் செய்த கலவையில் உப்பு ஏறக்குறைய 12 சதவீதம் என்பதால், கோழியில் ஏறும் உப்பு 1.2 சதவீதம்தான். நாக்குக்குச் சரியான அளவு அது. வேறு உப்பே தேவையில்லை.

வெள்ளரிக்காயை நறுக்கிப் பிசறினால் அரை மணியில் தயார். மீனுக்கு ஒரு மணி நேரத்திலிருந்து சில மணி நேரம், கோழித் தொடைக்கு ஓர் இரவு. சைவம் சாப்பிடுகிறவர்கள் டோஃபுவின் நீரை ஒற்றியெடுத்து, மேலே தடவி இரண்டு நாள் குளிரில் வைத்தால் பாலாடைக்கட்டிபோல் இறுகும். என் மகனின் பள்ளிக்கூட டப்பாவுக்கு சால்மன் துண்டை முந்தின இரவே தடவி வைத்துவிடுவேன். காலையில் பொரித்தெடுத்தால் மதியம் வரை காயாமல் இருக்கும்.

மூன்று எச்சரிக்கைகள். சர்க்கரை இருப்பதால் சட்டென்று கருகும். ஆகவே மேலே ஒட்டியிருப்பதை வழித்துவிட்டு மிதமான தீயில் வாட்டுங்கள். சோளமாவு கரைத்துக் கெட்டியாக்கிய சூப்பில் கொதிக்காத ஷியோ கோஜியைக் கலந்தால் நொதி மாவைக் கரைத்து நீர்க்கச் செய்துவிடும். எல்லாவற்றிலும் முக்கியம், கோஜிக்காக வீட்டில் சோற்றைத் தானாகப் பூசணம் பிடிக்க விடாதீர்கள். இந்தப் பூஞ்சை பல நூற்றாண்டுகளாகப் பழக்கி எடுக்கப்பட்டது. அதன் காட்டு உறவான ஆஸ்பெர்கில்லஸ் ஃபிளேவஸ், அஃப்ளடாக்சின் என்ற கொடிய நஞ்சை உண்டாக்கக்கூடியது. ஜப்பானியப் பொருள் விற்கும் கடையில் கோஜியாகவே வாங்குங்கள்.

முதல் ஜாடி பதமானதும் வெள்ளரிக்காயில் தொடங்கி, கோழிக்கும் மீனுக்கும் போங்கள். பத்தில் ஒரு பங்கு என்ற கணக்கு கையில் படிந்துவிட்டால் சமையல் குறிப்பைத் தேட வேண்டியதில்லை. வழக்கமாக உப்புப் போடும் இடத்தில் இதைப் போடுங்கள், நேரம் கொடுங்கள். மற்ற வேலையைக் கோஜி பார்த்துக்கொள்ளும்.