செடியும் மின்சாரமும் சேர்ந்து ஓட்டும் கார்

மாலையில் பள்ளி மணி அடித்ததும் சாந்தோம் நெடுஞ்சாலையில் நிற்கும் கார்களின் வரிசையைக் காணாதவர் நம்மில் எவரும் இலர். அண்மைக் காலமாக அவ்வரிசையில் பச்சை நிற எண்பலகை தாங்கிய கார்களும் தென்படுகின்றன. அவை மின்சாரக் கார்கள். புகை கக்குவதில்லை, இரைச்சலும் இல்லை. “எல்லோரும் இதையே வாங்கிவிட்டால் பூமி சூடாவது நின்றுவிடும்” என்று எங்கள் வகுப்பில் ஒருத்தி கூறினாள். “அந்த மின்சாரம் எதை எரித்து வருகிறது?” என்று மற்றொருத்தி கேட்டாள். வகுப்பே இரண்டு கட்சியாயிற்று. விஞ்ஞானம் கற்பிக்கும் சிஸ்டர் சிரித்துக்கொண்டே, “வாதம் போதும், கணக்குப் போட்டுப் பாருங்கள்” என்றார். நாங்கள் போட்டுப் பார்த்த கணக்கே இக்கட்டுரை.

முதலில் ஓர் உண்மையைக் கூறிவிடுகிறோம். மின்சார வண்டியும் சரி, தாவர எரிபொருளில் ஓடும் வண்டியும் சரி, நம் நகருக்குப் புதியவை அல்ல. சென்னையில் 1895-ஆம் ஆண்டிலேயே மின்சார டிராம் ஓடத் தொடங்கிவிட்டது. மயிலாப்பூர்ப் பக்கமும் ஓடிய அவ்வண்டி 1953-இல்தான் நின்றது. இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோலுக்குப் பெரும் தட்டுப்பாடு வந்தது. அப்பொழுது பேருந்துகளின் பின்புறம் உயரமான கொப்பரை ஒன்றைப் பொருத்தி, அதில் விறகுக் கரியை எரித்து, வரும் வாயுவைக் கொண்டு எஞ்சினை ஓட்டினார்கள். அதுவே ‘கரி பஸ்’. மரத்தின் விசையிலும் மின்சாரத்தின் விசையிலும் ஓடிய வண்டிகளை நம் வீதிகள் முன்பே கண்டிருக்கின்றன. இவ்விரண்டையும் ஒரே வண்டியில் இணைப்பதுதான் இன்றைய புதுமை.

இனி கணக்குக்கு வருவோம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 2.3 கிலோ கரியமில வாயு வெளிவருகிறது. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் கார், 100 கிலோமீட்டர் சென்றால் சுமார் 15 கிலோ கரியமில வாயுவை விட்டுச் செல்லும். மின்சாரக் காருக்கு அதே தூரத்துக்கு, வழியில் வீணாவதையும் சேர்த்துச் சுமார் 15 யூனிட் மின்சாரம் வேண்டும் என்று கொள்வோம். நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து வருகிறது. சென்னைக்கு வடக்கே அத்திப்பட்டிலும் வல்லூரிலும் உள்ள அனல் மின்நிலையங்களை எண்ணிப் பாருங்கள். இந்தியாவில் சராசரியாக ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு உண்டாகிறது. ஆகவே மின்சாரக் காரின் பங்கு சுமார் 10 கிலோ. காருக்குப் பின்னால் புகை இல்லை. ஆனால் வேறோர் ஊரில் புகைபோக்கி இருக்கிறது.

அதனால் மின்சாரக் கார் வீண் என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. பதினைந்தைவிடப் பத்து குறைவுதானே! மேலும் ஆரல்வாய்மொழிக் கணவாயில் சுழலும் காற்றாலைகளும், 2016-இல் கமுதியில் அமைந்த சூரிய மின் நிலையமும் போன்றவை பெருகப் பெருக இந்தப் பத்தும் குறைந்துகொண்டே வரும். பெட்ரோல் காருக்கு அந்தப் பாக்கியம் இல்லை. மின்சாரக் காரின் குறை வேறிடத்தில் இருக்கிறது. நீண்ட தூரம் ஓட வேண்டுமென்று அதில் மிகப் பெரிய பாட்டரியை வைக்கிறார்கள். அதைச் செய்யப் பூமியைத் தோண்டி லித்தியம், நிக்கல் முதலிய உலோகங்களை எடுக்க வேண்டும். செய்வதற்கும் மிகுந்த சக்தி செலவாகும். அடையாற்றில் குடியிருந்து மயிலாப்பூரில் பிள்ளையை விட்டுவிட்டுத் தியாகராய நகரில் கடைக்குப் போய் வரும் குடும்பத்தின் கார், நாளொன்றுக்கு 20 அல்லது 25 கிலோமீட்டர் ஓடினால் அதிகம். ஆண்டுக்கொரு முறை வேளாங்கண்ணிக்குச் செல்லும் 320 கிலோமீட்டருக்காக நாள்தோறும் பெரிய பாட்டரியைச் சுமந்து திரிவது, ஒரு நாள் விருந்துக்காகத் தினமும் அண்டாவில் சோறு வடிப்பது போலாகும் அன்றோ?

இங்கேதான் ‘பிளக்-இன் ஹைபிரிட்’ என்னும் வண்டி வருகிறது. இதில் மின்சார மோட்டார், எஞ்சின் ஆகிய இரண்டும் உண்டு. பாட்டரி சிறியது, சுமார் 50 கிலோமீட்டர் ஓடினால் போதும். இரவில் வீட்டில் பிளக்கில் செருகிவிட்டால் மறுநாள் நகருக்குள் முழுவதும் மின்சாரத்திலேயே ஓடலாம். பிரேக் போடும்போது வீணாகும் விசையும் மின்சாரமாகிப் பாட்டரிக்குத் திரும்புகிறது. நெடும் பயணத்தில் பாட்டரி தீர்ந்ததும் எஞ்சின் வேலை செய்யத் தொடங்கும். 60 யூனிட் பாட்டரி ஒன்றுக்கு வேண்டிய உலோகத்தைக் கொண்டு 15 யூனிட் பாட்டரி நான்கு செய்யலாம். ஆக, ஒரு காருக்குப் பதில் நான்கு கார்களின் அன்றாட ஓட்டத்தை மின்சாரத்துக்கு மாற்றிவிடலாம்.

எஞ்சின் என்றால் மறுபடியும் பெட்ரோல்தானா? அவசியமில்லை. கரும்பிலிருந்தும் மக்காச்சோளத்திலிருந்தும் எடுக்கும் எத்தனால் என்னும் எரிசாராயத்தைப் பயன்படுத்தலாம். அது எரியும்போதும் கரியமில வாயு வரத்தான் செய்யும். ஆனால் அந்தக் கரி, செடி வளரும்போது காற்றிலிருந்து எடுத்துக்கொண்டதே. நிலத்தடியில் கோடிக்கணக்கான ஆண்டுகள் புதைந்து கிடந்ததைத் தோண்டி எடுத்து எரிப்பதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அதுதான். உழுவதற்கும் உரத்துக்கும் வடிப்பதற்கும் ஆகும் செலவைக் கழித்த பின்னும், பெட்ரோலைவிடக் கரும்பு எத்தனாலில் 65 சதவீதமும் மக்காச்சோள எத்தனாலில் 50 சதவீதமும் மாசு குறைவு என்று நிதி ஆயோக் ஆய்வு மதிப்பிட்டுள்ளது. இந்தக் கணக்குப்படி, லிட்டருக்கு 20 கிலோமீட்டர் ஓடும் ஹைபிரிட் கார் கரும்பு எத்தனாலில் மட்டும் ஓடினால், 100 கிலோமீட்டருக்கு 4 அல்லது 5 கிலோ கரியமில வாயுவே அதன் பங்கு. ஆனால் ஒரு லிட்டர் பெட்ரோலின் வேலையைச் செய்ய எத்தனால் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

பிரேசில் நாடு 1975-ஆம் ஆண்டிலேயே எத்தனால் திட்டத்தைத் தொடங்கியது. பெட்ரோல், எத்தனால் இரண்டையும் ஏற்கும் ஹைபிரிட் கார் 2019-இல் அங்கே விற்பனைக்கு வந்தது. நம் நாட்டில் 2003-இல் தமிழ்நாடு உள்ளிட்ட சில மாநிலங்களில் பெட்ரோலுடன் 5 சதவீதம் எத்தனால் கலக்கும் திட்டம் தொடங்கிற்று. 2014-இல் ஒன்றரை சதவீதமே இருந்த கலப்பு, 2025-இல் 20 சதவீதத்தை எட்டியது. 2023 ஆகஸ்ட் 29 அன்று புதுடில்லியில், எத்தனாலிலும் மின்சாரத்திலும் ஓடும் டொயோட்டா இன்னோவா காரின் முன்மாதிரியை மத்திய அமைச்சர் நிதின் கட்கரி அறிமுகப்படுத்தினார். அது பிளக்கில் செருகும் வகை அன்று. ஓடும்போதே தானாக மின்னேற்றிக்கொள்ளும் வகை. இருப்பினும் இரு வழிகளும் ஒன்றுசேரும் திசையை அது காட்டிற்று. 2024 மார்ச் மாதத்தில் பெரும்பகுதி எத்தனாலே ஆகிய எரிபொருள் தமிழ்நாடு உள்ளிட்ட ஐந்து இடங்களில் அறிமுகமாயிற்று.

இதுவரை படித்தவர்கள், “அப்படியானால் வயலெல்லாம் கரும்பு நட்டுவிடலாமே!” என்று எண்ணக்கூடும். நாங்களும் முதலில் அப்படித்தான் எண்ணினோம். அதன் பிறகு தண்ணீர்க் கணக்கைப் பார்த்தோம். கரும்பிலிருந்து ஒரு லிட்டர் எத்தனால் எடுக்கச் சுமார் 2,860 லிட்டர் நீர் செலவாகிறது என்று நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. 2019-ஆம் ஆண்டுக் கோடையை நாம் மறக்க முடியுமா? பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டன. நம் வீடுகளில் அன்னையர் விடியற்காலையில் குடங்களுடன் லாரிக்குக் காத்து நின்றனர். ஜூலை மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. குடிநீருக்கே ரயில் வேண்டியிருக்கும் நாட்டில், காருக்காகக் கரும்புக்கு நீர் பாய்ச்சுவது எங்ஙனம் தகும்? 2023-இல் கரும்பு விளைச்சல் குறையும் என்று தெரிந்ததும், கரும்புச் சாற்றிலிருந்து எத்தனால் எடுப்பதை அரசே டிசம்பரில் தடுக்க வேண்டியதாயிற்று. மழை பொய்த்தால் இந்த எரிபொருளும் பொய்க்கும். நிலக் கணக்கும் இதையே சொல்கிறது. ஓர் ஏக்கர் கரும்பு தரும் எத்தனாலில் கார் ஓடும் தூரத்தைவிட, அதே ஏக்கரில் பரப்பிய சூரியத் தகடுகள் தரும் மின்சாரத்தில் பல மடங்கு தூரம் ஓடலாம்.

ஆகவே தாவர எரிபொருள், வயிற்றுக்குரியதைப் பறிக்காமல் எஞ்சியதிலிருந்து வர வேண்டும். ஹரியானாவின் பானிபட்டில் 2022-இல் திறக்கப்பட்ட ஆலை, ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோலிலிருந்து சுமார் 3 கோடி லிட்டர் எத்தனால் எடுக்கும் வண்ணம் அமைக்கப்பட்டது. வயலில் கொளுத்தப்பட்டுப் புகையாகிய வைக்கோல் அது. நம் வீதிகளிலும் வழி உண்டு. பஜ்ஜிக் கடையிலும் பலகாரக் கடையிலும் திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயைச் சேகரித்து, டீசல் வண்டிகளுக்கான எரிபொருளாக மாற்றும் திட்டத்தை மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் தொடங்கியது. உடலுக்குக் கேடான எண்ணெய் வண்டிக்கு உணவாவது எவ்வளவு நல்லது!

இன்னும் ஒரு செய்தி எங்களை மிகவும் சிந்திக்க வைத்தது. ஐரோப்பாவில் பிளக்-இன் ஹைபிரிட் கார்கள் சாலையில் உண்மையாக விடும் கரியமில வாயு, சோதனைச்சாலையில் காட்டியதைப் போல் சுமார் மூன்றரை மடங்கு என்று ஐரோப்பிய ஆணையம் 2024-இல் வெளியிட்ட அறிக்கை தெரிவித்தது. காரணம் என்ன? பலர் அதை எதிர்பார்த்த அளவுக்குப் பிளக்கில் செருகுவதில்லை! மின்சாரத்தில் ஓட வேண்டிய தூரத்தையும் எஞ்சினிலேயே ஓட்டுகின்றனர். நல்ல இயந்திரத்தை மனிதன் செய்துவிடலாம். நல்ல பழக்கத்தை இயந்திரம் செய்து தராது.

எங்கள் முடிவு இதுதான். நகருக்குள் மின்சாரமே சிறந்தது. நெடும் பயணத்துக்கு, கழிவிலிருந்து எடுத்த எரிபொருளில் ஓடும் பிளக்-இன் ஹைபிரிட் அதற்கு நல்ல துணையாகும். அது மின்சாரக் காருக்குப் பகையன்று, தங்கை எனலாம். கார் வாங்க எண்ணும் பெற்றோர்கள் மூன்று கேள்விகளைக் கேட்கட்டும்: மின்சாரம் எதிலிருந்து வருகிறது? எரிபொருள் எதிலிருந்து வருகிறது? நாள்தோறும் பிளக்கில் செருகுவோமா? இவற்றுக்கு முன் நான்காவதாக ஒன்றையும் கேட்கலாம்: இந்தப் பயணத்துக்குக் கார் வேண்டுமா? சென்னை மாநகரப் போக்குவரத்துக் கழகம் 2025 ஜூன் 30 அன்று 120 மின்சாரப் பேருந்துகளை ஓட்டத் தொடங்கியது. ஒரு பேருந்து எத்தனை கார்களின் வேலையைச் செய்கிறது என்பதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய ‘இறைவா உமக்கே புகழ்’ என்னும் சுற்றுமடல், இப்பூமியை நம் அனைவரின் பொது இல்லம் என்று காட்டுகிறது. 2024 டிசம்பரில் அவருக்கு மின்சார வாகனம் ஒன்றும் அளிக்கப்பட்டது. பொது இல்லத்தில் வாழும் பிள்ளைகள் தங்கள் வசதிக்காக அடுத்தவர் குடத்துத் தண்ணீரையும் அடுத்தவர் தட்டுச் சோற்றையும் எடுக்க மாட்டார்கள். நாம் வளர்ந்து எவ்வகை வண்டியில் ஏறினாலும் இதை மறவாதிருப்போமாக!