கைபேசியில் மருந்து தேடுகிறீர்களா? கட்டத்தைக் கவனியுங்கள்!

பயிரில் புழு தெரிந்தால் கடைக்குப் போகும் முன் கைபேசியில் தேடிப் பார்க்கும் விவசாயிகள் இன்று அதிகம். இது நல்ல பழக்கம்தான். ஆனால் தவறான பக்கத்தையோ, சரியான பக்கத்தில் தவறான கட்டத்தையோ படித்தால் மருந்துச் செலவு வீண், பயிரும் போகும். தேடுவதற்குச் சில எளிய முறைகள் உள்ளன.

எப்படித் தேடுவது?

'நெல் நோய் மருந்து' என்று பொதுவாகத் தேடினால் விளம்பரங்களும் வீடியோக்களுமே முதலில் வரும். பயிரின் பெயர், பூச்சி அல்லது நோயின் பெயர், 'மேலாண்மை' என மூன்று சொற்களைச் சேர்த்துத் தேடுங்கள். 'நெல் புகையான் மேலாண்மை', 'மக்காச்சோளம் படைப்புழு மேலாண்மை' என்பது போல. ஊர் வழக்குப் பெயரில் கிடைக்காவிட்டால் மாற்றுப் பெயரில் தேடுங்கள். நெல்லில் குருத்துப்பூச்சி என்பதும் தண்டுத் துளைப்பான் என்பதும் ஒன்றே. தட்டச்சு சிரமம் என்றால் மைக் படத்தைத் தொட்டுத் தமிழிலேயே பேசலாம்.

பூச்சியின் பெயரே தெரியவில்லையா? தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் அக்ரிடெக் தளத்தில் தமிழ்ப் பக்கத்தைத் திறந்து, பயிர் பாதுகாப்புப் பகுதியில் உங்கள் பயிரைத் தேர்ந்தெடுங்கள். படங்களையும் அறிகுறிகளையும் வயலோடு ஒப்பிட்டுப் பார்த்தபின் மருந்துக்குப் போகலாம்.

பக்கம் நீளமாக இருந்தால் விரலால் தள்ளிக்கொண்டே போக வேண்டாம். குரோமில் மேல் வலது மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, 'ஃபைண்ட் இன் பேஜ்' என்பதில் தேவையான சொல்லைக் கொடுத்தால் அந்த இடத்துக்கே கொண்டு போகும்.

யாருடைய பக்கம்?

முகவரியின் முடிவைப் பாருங்கள். 'கவ் டாட் இன்' என முடிந்தால் அரசுத் தளம். 'ஏசி டாட் இன்' என்றால் கல்வி நிறுவனம். மற்ற தளங்களில் படித்ததை இவற்றோடு ஒப்பிட்ட பிறகே நம்புங்கள்.

நல்ல தளத்திலும் பழைய பக்கங்கள் இருக்கலாம். எண்டோசல்பான் 2011-லேயே தடை செய்யப்பட்டது. 2018 ஆகஸ்டில் மத்திய அரசு 18 பூச்சி, பூஞ்சாண, களை மருந்துகளுக்குத் தடை ஆணை பிறப்பித்தது. அவற்றில் போரேட், ட்ரையசோபாஸ், டைக்ளோர்வாஸ், பாஸ்பாமிடான் ஆகியவை 2020 டிசம்பர் 31 முதல் முற்றிலும் தடை செய்யப்பட்டன. இந்தப் பெயர்களைப் பரிந்துரைக்கும் பக்கம் பழையது என்று அறிந்து விலக்கிவிடுங்கள்.

எந்தக் கட்டம்?

எந்த மருந்து எந்தப் பயிருக்கு அனுமதிக்கப்பட்டது என்ற பட்டியல், ஃபரிதாபாத்தில் உள்ள மத்திய பயிர்ப் பாதுகாப்பு இயக்ககத்தின் தளத்தில் கிடைக்கும். பலர் தடுமாறுவது இங்கேதான்.

எமாமெக்டின் பென்சோயேட் 5 சதம் எஸ்ஜி மருந்தை எடுத்துக்கொள்வோம். பருத்திக் காய்ப்புழுவுக்கு ஒரு கட்டத்தில் 9.5–11 கிராம் என்றும், அடுத்த கட்டத்தில் 190–220 கிராம் என்றும் இருக்கும். முதலாவது 'ஏ.ஐ.', அதாவது மருந்துக்குள் இருக்கும் வீரியப்பொருளின் அளவு. இரண்டாவது 'ஃபார்முலேஷன்', அதாவது நீங்கள் கடையில் வாங்கும் மருந்தின் அளவு. 100 கிராம் மருந்தில் 5 கிராம்தான் வீரியப்பொருள் என்பதால் இந்த 20 மடங்கு வித்தியாசம். 11 கிராம் மருந்தை மட்டும் கலந்து தெளித்தால் புழு சாகாது.

இந்த அளவுகள் எல்லாம் ஒரு எக்டருக்கு என்பதையும் மறக்க வேண்டாம். ஒரு எக்டர் சுமார் இரண்டரை ஏக்கர். எனவே ஏக்கருக்கு 76–88 கிராம் போதும். 220 கிராமை ஒரே ஏக்கருக்குத் தெளித்தால் இரண்டரை மடங்கு மருந்து. பணமும் விரயம், தெளிப்பவருக்கும் ஆபத்து.

கடைசிக் கட்டத்தில் உள்ள காத்திருப்பு நாட்களையும் பாருங்கள். தெளித்த பிறகு அத்தனை நாள் கழித்தே அறுவடை செய்ய வேண்டும். காய்கறி பயிரிடுவோர் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

வாங்கும்போது...

பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, கடையில் மருந்துப் புட்டியின் லேபிளோடு ஒப்பிடுங்கள். மருந்தின் பெயர், சதவீதம், பயிர் ஆகிய மூன்றும் பொருந்த வேண்டும். வணிகப் பெயரை மட்டும் பார்த்து வாங்க வேண்டாம். சந்தேகம் இருந்தால் உங்கள் வட்டார வேளாண் அலுவலரைக் கேளுங்கள். 1800-180-1551 என்ற கிசான் கால் சென்டர் இலவச எண்ணிலும் காலை 6 முதல் இரவு 10 மணி வரை தமிழில் கேட்கலாம்.