கைவரைபடமும் கணிப்பொறி வரைபடமும்

நாங்குநேரியிலிருந்து நெல்லைச் சந்திப்புக்குச் செல்லும்போது தாமிரபரணியின் குறுக்கே சுலோசன முதலியார் பாலத்தைக் கடக்கிறோம். 11 வளைவுகளோடு 1843-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பாலம் அது. கணிப்பொறிகள் புழக்கத்தில் இல்லாத காலம். நம் ஊருக்குத் தெற்கே மகேந்திரகிரியில் இன்று ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கிறார்கள். இக்கால எஞ்சின்கள் கணிப்பொறித் திரையில் உருப்பெறுகின்றன. அப்படியானால் தாளையும் பென்சிலையும் இனி மூட்டை கட்டிவிடலாமா?

முதலில் கைவரைபடத்தைப் பார்ப்போம். வரைபலகையில் தாளைப் பொருத்தி, மூலைமட்டம், கவராயம் முதலியவற்றைக் கொண்டு பென்சிலால் வரைவர். ஒரு பொருள் முன்னிருந்தும் மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் எப்படித் தோன்றுமோ, அந்த மூன்று தோற்றங்களையும் தனித்தனியே வரைய வேண்டும். பிறகு மெல்லிய தாளில் மையால் படியெடுப்பர். ஒரு துளையைச் சற்று நகர்த்த நேர்ந்தால், மூன்று படங்களிலும் மையைப் பிளேடால் சுரண்டித் திருத்த வேண்டும். ஒன்றில் மறந்தாலும் பணிமனையில் குழப்பந்தான்.

1963-இல் அமெரிக்காவில் ஐவன் சதர்லேண்ட் என்ற ஆராய்ச்சி மாணவர், ஒளிப்பேனாவால் திரையில் வரையும் முறையைச் செய்து காட்டினார். 1982-இல் வெளிவந்த ஆட்டோகேட் இத்தகைய வேலையைச் சிறிய கணிப்பொறிகளுக்கும் கொண்டுவந்தது. இப்போது பொருளின் முழு உருவத்தையே திரையில் அமைக்கிறார்கள். மூன்று தோற்றங்களையும் கணிப்பொறியே எடுத்துத் தருகிறது. துளையை ஓரிடத்தில் நகர்த்தினால் எல்லாப் படங்களிலும் நகர்கிறது. எடை எவ்வளவு, ஒரு குழாய் மற்றொன்றில் இடிக்கிறதா என்றும் சொல்லிவிடுகிறது. குழாய்கள் நெருங்கிக் கிடக்கும் ராக்கெட் எஞ்சினுக்கு இது பேருதவி அன்றோ?

ஆயினும் கணிப்பொறி இருந்தும் தவறு நேர்ந்ததுண்டு. ஏர்பஸ் ஏ-380 என்னும் பெரிய விமானத்தை ஜெர்மனியிலும் பிரான்சிலும் பகுதி பகுதியாக வடிவமைத்தனர். இரு நாட்டவரும் ஒரே வரைபட மென்பொருளின் வெவ்வேறு பதிப்புகளைப் பயன்படுத்தினர். பொருத்தும்போது மின்கம்பிகளின் நீளம் போதவில்லை! 2006-இல் வெளிப்பட்ட இச்சிக்கலால், விமானங்களை ஒப்படைப்பது ஏறத்தாழ 2 ஆண்டுகள் தாமதமாயிற்று.

கணிப்பொறி கோட்டைப் பிசகின்றி இழுக்கும். அந்தக் கோடு அங்கே இருக்கலாமா என்று கேட்க வேண்டியவர் மனிதரே. அதற்குப் பொருளை மனக்கண்ணால் காணும் பழக்கம் வேண்டும். கையால் வரைவது அப்பழக்கத்தைத் தருகிறது. பொறியியல் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களைப் பென்சிலால் வரையச் சொல்வதும் இதற்காகவே.

தோழியரே, ஒரு சிறு சோதனை. வாழைத்தண்டைக் குறுக்கே வெட்டினால் வட்டம் கிடைக்கும். சாய்த்து வெட்டினால்? முதலில் தாளில் வரையுங்கள். பிறகு வெட்டிப் பாருங்கள். நீள்வட்டம் தெரியும். கத்தியை இன்னும் சாய்த்தால் அதுவும் நீளும். இதை முன்கூட்டியே கண்டு சொல்பவளுக்குப் பொறியியல் வரைபடம் அச்சந்தராது.

பெற்றோருக்கும் ஒரு சொல். இது ஆண்பிள்ளைகளின் வேலை என்று எண்ணிவிட வேண்டாம். இளம் வயதில் கணவரை இழந்து, கைக்குழந்தையோடு நின்ற ஏ. லலிதா, 1940-களில் கிண்டிப் பொறியியல் கல்லூரியில் பயின்று பொறியாளரானார். மின்சாரம் கொண்டு செல்லும் தடங்களை வடிவமைத்தார். மகள் கணிப்பொறி கேட்டால் இயன்றபோது வாங்கித் தாருங்கள். அதற்குமுன் அவள் கையில் ஒரு கவராயப் பெட்டி இருக்கட்டும்.