அபாய மணியும் அமைதியும்

இருதயம் திடீரென்று நின்று கீழே சாய்ந்துவிட்ட ஒருவருக்கு, மார்பை அழுத்தி இரத்த ஓட்டத்தைக் காக்க எவரும் முன்வராமல் கழிகிற ஒவ்வொரு நிமிஷத்திலும் பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 7 முதல் 10 வரை குறைந்துகொண்டே போகிறது. ஆம்புலன்ஸ் எத்தனை வேகமாக வந்தாலும் அந்த நிமிஷங்களை மீட்டுக்கொடுக்க அதனால் இயலாது. ஆகவே, முதலுதவி அறிந்தவர் எவரேனும் அடுத்த தெருவில் இருந்தால், அவருடைய செல்போனையே அபாய மணியாக்கி அவரை ஓடிவரச் செய்யலாம் என்ற யோசனை பல நாடுகளில் தோன்றிற்று. ஸ்வீடனின் தலைநகரான ஸ்டாக்ஹோமில், 500 மீட்டர் தொலைவுக்குள் இருந்த தொண்டர்களை அவ்வாறு அழைத்துப் பார்த்ததில், ஆம்புலன்ஸ் வருமுன் உதவி பெற்றவர்கள் நூற்றுக்கு 48-லிருந்து 62 ஆக உயர்ந்தார்கள் என்று 2015-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று கூறுகிறது. லண்டனில் மார்க் வில்சன் என்ற மூளை அறுவைச் சிகிச்சை நிபுணரும் அலி கோர்பங்கோலியும் தோற்றுவித்த 'குட்ஸாம்' என்னும் செயலியும் இதே நோக்கத்தோடு பிறந்ததுதான்.

அந்தச் செயலிக்கு 2020 மார்ச் மாதத்தில் ஒரு விசித்திரமான சோதனை வந்தது. கொரோனாவுக்கு அஞ்சி வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாதென்று எச்சரிக்கப்பட்ட 15 லட்சம் நோயாளிகளுக்குத் துணைசெய்ய 2.5 லட்சம் தொண்டர்கள் வேண்டுமென்று பிரிட்டிஷ் சுகாதார மந்திரி 24-ஆம் தேதி வேண்டுகோள் விடுத்தார். ஒரு வாரம் முடிவதற்குள் 7.5 லட்சம் பேர் பெயர் கொடுத்துவிட, பதிவையே நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. விமானத் தாக்குதலுக்கு அஞ்சிய 1938-இல் பெண்களின் தொண்டு ஸ்தாபனமாகத் தொடங்கிய ராயல் வாலண்டரி சர்வீஸ் இந்தப் படையை நடத்தும் பொறுப்பை ஏற்றது. தொண்டர்களுக்குப் பணியைப் பிரித்துக்கொடுக்கும் கருவியாக வந்து சேர்ந்ததோ, நின்றுபோன இருதயத்துக்காகச் சமைத்த செயலி!

அப்போது அது சொல்லவேண்டியிருந்த பணிகள் வேறு: கடைக்குப் போய் மளிகையும் மருந்தும் வாங்கித் தருவது, நோயாளியை வீட்டில் கொண்டுபோய் விடுவது, மருத்துவமனைகளுக்குச் சாமான்களை எடுத்துச் செல்வது, தனியே இருப்பவரோடு தொலைபேசியில் சற்று நேரம் பேசுவது. உயிருக்காக ஒலிக்கும் மணி, உறங்குகிறவனை உலுக்கி எழுப்பத்தான் வேண்டும். பாலும் ரொட்டியும் வேண்டுமென்பதற்கும் அதே மணி ஒலித்தால், நாலாம் நாள் செல்போனை மூலையில் வைத்துவிடத் தோன்றும். ஆகையால் இத்தகைய செயலியை மாற்றியமைப்பது வர்ணத்தையும் எழுத்தையும் மாற்றுகிற அலங்கார வேலை அன்று. அவசரத்தின் அளவை மறுபடி நிர்ணயிக்கிற வேலை.

அதைவிடக் கடினமானது அமைதி. 'பணியில் இருக்கிறேன்' என்று பொத்தானைத் தட்டிவிட்டு நாட்கணக்கில் காத்திருந்தும் ஓர் அழைப்பும் வரவில்லையென்று அந்நாளில் ஏராளமான தொண்டர்கள் மனம் வருந்தினார்கள். தேவையைக் காட்டிலும் தொண்டர்கள் மிகுந்திருந்ததே காரணம். ஆயினும், வெறுமையாகக் கிடக்கும் திரையைப் பார்க்கிறவருக்கு அது எப்படித் தெரியும்? அழைப்பு வராத நேரத்தில் திரை என்ன சொல்லவேண்டும் என்பதை, வரும் நேரத்தில் சொல்லவேண்டியதற்கு நிகரான சிரத்தையோடு எழுதவேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

அலுவலகங்கள் அடைபட்ட அக்காலத்திலிருந்து, இத்தகைய செயலிகளை வடிவமைக்கிற குழுக்கள் பலவும் ஊருக்கொருவராக, சில சமயம் தேசத்துக்கொருவராக அமர்ந்து, வீடியோவிலும் எழுத்திலுமே கலந்துபேசுகின்றன. ஒருவர் உறங்கப்போகும்போது இன்னொருவருக்குப் பொழுது விடிகிறதாகையால், எடுத்த முடிவையும் அதன் காரணத்தையும் தெளிவாக எழுதிவைத்தாலன்றி வேலை நகராது. இது தொல்லைதான், எனினும் ஒரு விதத்தில் நல்ல பயிற்சியும்கூட. விளக்கம் கேட்க ஆளில்லாமல் தெருவில் தனியாக நிற்கப்போகும் தொண்டரும், திரையில் எழுதியிருப்பதை மட்டும் நம்பித்தானே நடக்கவேண்டும்?

தூரத்தினால் வரும் தீங்கு பரீட்சை செய்வதில் இருக்கிறது. வீட்டு நாற்காலியில் சாய்ந்தபடி தம் திரையைப் பகிர்ந்து காட்டுகிறவருக்கு எந்தப் பொத்தானும் சுலபமாகவே தோன்றும். அதே மனிதரை மழையில், ஒரு கையில் பையுடன், நடந்துகொண்டே அதை அழுத்தச் சொன்னால்தான் குற்றங்கள் வெளிப்படும். பழைய செயலியைப் புதுப்பிக்காமலே வைத்திருப்பவர்கள் பலர் என்பதால், புதியதும் பழையதும் சில காலம் ஒருங்கே இயங்கவும் வேண்டும். பழகிய கை தேடிப்போகும் இடத்திலிருந்து 'ஏற்கிறேன்' என்ற பொத்தானை அழகுக்காக நகர்த்துவதைவிடப் பெரிய அபசாரம் கிடையாது.

'இயலாது' என்ற பொத்தானும் அதற்கு நிகரான மதிப்புக்கு உரியது. ஒருவர் மறுத்துவிட்டால் அழைப்பு அடுத்தவரிடம் போகிறது. மறுக்க வெட்கப்பட்டுக் கையில் வைத்துக்கொண்டு தயங்குகிறவரிடத்தில்தான் அது தேங்கிநிற்கிறது. ஆதலால் அந்தப் பொத்தானை மூலையில் ஒளிக்காமல், காரணமும் கேட்காமல், மற்றதன் பக்கத்திலேயே அதே அளவில் வைப்பதுதான் முறை.