இரண்டு கிலோ வாங்கினால் நாலு கிலோ

திருவாரூர் மாவட்டம் திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் ஆதிரெங்கம் என்றொரு கிராமம். 2006-இல் அங்கே தொடங்கிய நெல் திருவிழாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. வரும் உழவர்கள் பாரம்பரிய ரக விதைநெல் இரண்டு கிலோவைக் காசில்லாமல் வாங்கிப் போகலாம். அடுத்த ஆண்டு திருவிழாவுக்கு வரும்போது நாலு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வாரின் வழிகாட்டலில் நெல் ஜெயராமன் முன்னின்று நடத்திய விழா இது. 2018 டிசம்பரில் ஜெயராமன் மறைந்தபோது, மீட்கப்பட்ட ரகங்கள் சுமார் 170 ஆகியிருந்தன. இதை விதையைக் காப்பாற்றிய கதையாகவே பலரும் சொல்கிறார்கள். அந்த நாலு கிலோ நிபந்தனைக்குள் ஒரு பள்ளிக்கூடமும் இருக்கிறது. திருப்பிக் கொடுக்க வேண்டுமென்றால் அந்த நெல்லுக்குத் தனி நாற்றங்கால் விட வேண்டும். கதிர் வரும் பருவத்தில் வயலில் இறங்கி, உயரமோ நிறமோ மாறி நிற்கும் கலவன்களைப் பிடுங்கி எறிய வேண்டும். தனியாக அறுத்து, தனியாக அடித்து, ஈரப்பதம் 13 சதவீதத்துக்கு இறங்கும்வரை காயவைத்து, வண்டு விழாமல் நொச்சித்தழையோ வேப்பிலையோ போட்டு அடுத்த கோடைவரை காக்க வேண்டும். இத்தனையையும் செய்து முடித்தவர் ஒரு வருஷப் படிப்பை முடித்தவர். பெரியவர்களுக்காகப் பண்ணைகளில் நடக்கும் வகுப்புகளும் விழாக்களும் இந்த முறையைப் பின்பற்ற வேண்டும், பயிர்ப் பட்டத்தோடு தொடங்கிப் பட்டத்தோடு முடிய வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

தமிழ்நாட்டில் இன்று பண்ணை வகுப்புகளுக்குப் பஞ்சமில்லை. கரூர் மாவட்டம் கடவூரில் நம்மாழ்வார் உருவாக்கிய வானகத்தில் தங்கிப் பயிலும் பயிற்சிகள் நடக்கின்றன. அரசுத் தரப்பில் வேளாண் அறிவியல் நிலையங்கள் இருக்கின்றன. நாட்டின் முதல் நிலையம் 1974-இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் புதுச்சேரியில்தான் தொடங்கப்பட்டது. நகரங்களைச் சுற்றியுள்ள இயற்கைப் பண்ணைகளில் மாடித்தோட்டம், பஞ்சகவ்யம், நடவுத் திருவிழா, அறுவடைத் திருவிழா என்று சனி ஞாயிறுகள் நிறைந்துவிடுகின்றன. ஆர்வத்தில் குறையில்லை. நாள் குறிக்கும் விதத்தில்தான் குறை இருக்கிறது. விடுமுறை எப்போது, மண்டபம் எப்போது காலி, நிதியாண்டு எப்போது முடிகிறது என்று பார்த்துத் தேதி வைக்கிறார்கள். வயல் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்ப்பதில்லை. நடவு முடிந்து ஒரு மாதம் கழித்து விதைநேர்த்தி சொல்லிக் கொடுத்தால் அதைக் கேட்டவர் செய்து பார்க்க அடுத்த பட்டம்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் பாதி மறந்திருக்கும். மீதியில் சந்தேகம் வந்திருக்கும். சான்றிதழும் குழுப் படமும் மட்டும் பத்திரமாக இருக்கும்.

விவசாய அறிவு காலத்தோடு ஒட்டிப் பிறந்தது. ஆடிப்பட்டம் தேடி விதை என்ற பழமொழியே ஒரு கால அட்டவணைதான். டெல்டாவில் குறுவைக்கு ஒரு கணக்கு, சம்பாவுக்கு ஒரு கணக்கு, தாளடிக்கு இன்னொரு கணக்கு. காட்டுயானம் போன்ற ரகம் வயலில் ஏறக்குறைய 180 நாள் நிற்கும். அதைக் குறுகிய நாளில் விளையும் பூங்காரைப் போல நினைத்து விதைத்தால் அறுவடைக் கணக்கே புரண்டுவிடும். முன்பு இந்தக் கணக்குகளை யாரும் தனியாக வகுப்பு வைத்துச் சொல்லித் தரவில்லை. சித்திரையில் நல்லேர் பூட்டும் நாளில் ஊர் ஏர்களெல்லாம் ஒரே வயலில் இறங்கின. நடவுக்கும் அறுப்புக்கும் ஆள் மாற்றி ஆள் போனார்கள். அடுத்தவர் வயலில் வேலை செய்வதே படிப்பாக இருந்தது. டிராக்டரும் அறுவடை இயந்திரமும் வந்தபின் வேலை சுருங்கியது. உடம்புக்கு அது பெரிய விடுதலை, அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒருவர் வேலையை இன்னொருவர் பக்கத்தில் நின்று பார்க்கும் சந்தர்ப்பமும் சேர்ந்தே போய்விட்டது. பண்ணை வகுப்பு நிரப்ப வேண்டிய இடம் அந்த வெற்றிடம்தான். அதை ஒரு நாளில் நிரப்பிவிட முடியாது.

பட்டம் முழுக்க நீளும் வகுப்பு என்ன செய்யும் என்பதற்கு நல்ல சான்று இந்தோனேசியாவில் இருக்கிறது. நெல்லில் புகையான் தாக்குதல் கட்டுக்கடங்காமல் போனபோது, பூச்சிமருந்தே அந்தப் பூச்சியைப் பெருக்குகிறது என்று ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். 1986-இல் அந்நாட்டு அரசு 57 பூச்சிக்கொல்லிகளை நெல்லுக்குத் தடை செய்தது. தடை போட்டால் மட்டும் போதாது, உழவருக்கு மாற்றுவழி தெரிய வேண்டும் என்பதால் 1989-இல் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் துணையோடு உழவர் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின. சுமார் 25 பேர் வாரத்துக்கு ஒரு காலை வயலோரம் கூடுவார்கள். நடவிலிருந்து அறுவடைவரை பள்ளி நடக்கும். சிறு குழுக்களாகப் பிரிந்து வயலில் இறங்கி, தூர்களைப் பிரித்துப் பார்த்து, தீமை செய்யும் பூச்சி எத்தனை, அதைத் தின்னும் பூச்சி எத்தனை என்று எண்ணுவார்கள். கரையேறிப் பெரிய தாளில் படமாக வரைந்து, மருந்து வேண்டுமா வேண்டாமா என்று தாங்களே விவாதித்து முடிவெடுப்பார்கள். தமிழ்நாட்டு வேளாண் துறையும் பிறகு இதே பெயரில் பள்ளிகளை நடத்தியது.

அந்தப் பள்ளியின் இரண்டு சோதனைகளைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். முதலாவது, வலைத்துணி போர்த்திய இரண்டு நெல் தொட்டிகள். ஒன்றில் புகையானை மட்டும் விடுவார்கள். மற்றதில் புகையானோடு ஓநாய்ச் சிலந்தியையும் விடுவார்கள். சில நாட்களில் துணியை விலக்கினால் எதில் பூச்சி மிச்சம் என்று கண்ணாலேயே தெரியும். புகையான் தன் முட்டைகளை இலையுறைக்குள் செருகி வைக்கிறது. தெளிக்கும் மருந்து அங்கே சரியாக எட்டுவதில்லை. வெளியே அலையும் சிலந்தி செத்துவிடும், உள்ளே முட்டை பொரிக்கும். மருந்தடித்த பிறகு பூச்சி கூடுவது ஏன் என்பதை அந்தத் தொட்டி புரியவைத்துவிடும். இரண்டாவது சோதனை கத்தரிக்கோல். நட்ட முதல் மாதத்தில் ஒரு சிறு பாத்தியில் இலைகளின் ஒரு பகுதியை வெட்டிவிடுவார்கள், இலைச்சுருட்டுப் புழு தின்றது போல. பார்க்கவே வயிறு எரியும். பயிர் மறுபடி தழைக்கும், தூர் கட்டும். அறுத்து எடைபோடும் நாளில் வெட்டிய பாத்திக்கும் வெட்டாத பாத்திக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. இலையில் ஓட்டை கண்டதும் மருந்துக் கடைக்கு ஓடும் பழக்கத்தை இந்த எடை அசைத்துவிடும். ஒருநாள் பயிற்சியில் இதை வாயால் சொல்லலாம்; அறுவடை நாள்வரை இருந்தவர்தான் நம்புவார்.

இதெல்லாம் செல்போனிலேயே கிடைக்கிறதே, எதற்குப் பண்ணைவரை போக வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, தமிழ்நாட்டிலேயே அதற்கு ஆதரவான சான்றும் உண்டு. 1960-களில் ஏ.டி.டி. 27 என்ற ரகம் தஞ்சையில் பரவியபோது, வானொலி வழியாக அதைக் கேட்டறிந்த மக்கள் அதற்கு ரேடியோ நெல் என்றே பெயர் வைத்தார்கள். செய்தி தூரத்திலிருந்து வந்தாலும் உழவர் கற்றுக்கொள்வார் என்பது அன்றே நிரூபணமானது. ஆனால் அன்று வானொலி சொன்னது எல்லா வயலுக்கும் பொதுவான சேதி: புதிய ரகம் வந்திருக்கிறது, இன்ன உரம், இத்தனை நாள். ஊருக்கு ஊர் விதையோடும் உரத்தோடும் அலுவலர்கள் சுற்றினார்கள். இன்று தேவைப்படும் அறிவு அந்த மாதிரி பொதுவானதல்ல. உப்புக்கரைசலில் விதை தேர்வு செய்வதையே எடுத்துக்கொள்வோம். வாளித் தண்ணீரில் நல்ல கோழிமுட்டை ஒன்றைப் போட்டால் அடியில் போய் உட்காரும். உப்பைப் போட்டுக் கலக்கிக்கொண்டே வந்தால் முட்டை மெல்ல எழும்பி, ஓடு பழைய 25 காசு அளவுக்கு வெளியே தெரியும். அப்போது விதையைக் கொட்டினால் பொக்கு மிதக்கும், மணி கொண்ட நெல் தங்கும். தங்கியதை எடுத்து உப்புப்போக நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசாவிட்டால் முளைப்பு கெடும். காணொளியில் இது இரண்டு நிமிஷம். தன் வீட்டு நெல்லில் எத்தனை பிடி மிதக்கிறது, அதைக் கொட்டிவிட மனம் வருமா, மீதி எத்தனை சென்டுக்குப் போதும் என்ற கேள்விகளுக்குப் பக்கத்தில் நிற்கும் இன்னொரு உழவர்தான் பதில் சொல்ல முடியும்.

இன்னொரு மறுப்பு கனமானது. வயல்வெளிப் பள்ளிகளுக்குச் செலவு அதிகம், பலன் குறைவு என்பது அது. இந்தோனேசியப் பள்ளிகளை ஆராய்ந்து உலக வங்கியின் பொருளியலாளர்கள் 2004-இல் வெளியிட்ட ஆய்வு, படித்தவர்களின் விளைச்சலிலோ மருந்துப் பயன்பாட்டிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை என்றது. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் வந்த பெரிய மதிப்பாய்வு வேறு முடிவுக்கு வந்தது: நேரடியாகப் படித்தவர்களின் விளைச்சலும் வருமானமும் கூடியிருக்கின்றன; ஆனால் அவர்களிடமிருந்து பக்கத்து வயல்காரருக்கு அந்த அறிவு பரவவில்லை. இந்தக் கடைசி வரியை மூடி மறைக்கக் கூடாது. கையால் கற்றதை வாயால் கடத்த முடிவதில்லை என்பதே அதன் பொருள். வெட்டிய பாத்தியின் எடையைத் தராசில் பார்த்தவர் வீட்டுக்கு வந்து எவ்வளவு சொன்னாலும், பார்க்காத அண்டை வீட்டுக்காரர் மருந்து டப்பாவைக் கீழே வைக்க மாட்டார்.

விழாவின் வேலை இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. வகுப்பு 25 பேருக்கு ஆழம் தரும். விழா நூற்றுக்கணக்கானவர்களைத் தொடும், ஆனால் மேலோட்டமாக. இரண்டையும் தனித்தனியே நடத்தினால் இரண்டும் குறைப்பட்டே நிற்கும். ஆதிரெங்கத்தின் வழக்கம் இந்த இரண்டையும் இணைத்தது. விழாவுக்கு வந்தவர் கையில் பேச்சுக்குப் பதிலாகப் பொருளையே கொடுத்தார்கள். பேச்சைப் போல நெல் வழியில் கரைந்துபோவதில்லை. ஒற்றை நாற்றாக நட்டால் இரண்டு கிலோ அரை ஏக்கருக்கும் மேல் வரும். அந்த அரை ஏக்கர் வரப்போரம் போகிறவர்களின் கண்ணில் பட்டே தீரும். ஆளுயரத்துக்கு மேல் எழும்பி நிற்கும் காட்டுயானத்தைப் பார்த்து, இது என்ன நெல் என்று கேட்காமல் யார் போவார்கள்? அப்படிக் கேட்டவர் அடுத்த ஆண்டு விதை வாங்க வருவார், அவருக்கும் அதே நாலு கிலோ நிபந்தனை. அறிவு தானாகப் பரவாது என்று ஆய்வு சொன்ன இடத்தில், பரவுவதற்கான வழியை ஒரு கிராமத்து விழா தன் விதியிலேயே வைத்திருக்கிறது.

நகரத்திலிருந்து வருகிறவர்களைப் பற்றிய ஆட்சேபமும் உண்டு. கட்டணம் கட்டி, ஒருநாள் சேற்றில் கால் நனைத்து, சிறுதானியச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்களால் உழவுக்கு என்ன லாபம் என்று உழவர்களே கேட்கிறார்கள். ஒருநாளோடு முடிந்தால் லாபம் கொஞ்சம்தான். ஆனால் அதே ஆள் நாற்று விடும்போது ஒருமுறை, களையெடுக்கும்போது ஒருமுறை, பால் பிடிக்கும்போது ஒருமுறை, அறுப்புக்கு ஒருமுறை வந்தால், ஒரு கிலோ கருப்புக்கவுனி அரிசிக்கு ஏன் அந்த விலை என்று கடைக்காரரிடம் பேரம் பேசமாட்டார். களையெடுப்பில் குனிந்த முதுகுக்கு அரிசி விலை தெரியும். அந்த நாலு வருகைக்கும் சேர்த்தே கட்டணம் வாங்க வேண்டும். சொல்லித் தரும் உழவருக்கும் களையெடுக்கக் கற்றுத் தரும் அம்மாவுக்கும் அதில் ஆசிரியர் சம்பளம் போக வேண்டும். அவர்களை வேடிக்கைக் காட்சியாக நிறுத்திவிட்டு மேடையில் வேறு யாரோ பேசுவது பண்ணை வகுப்புக்கு அழகில்லை.

அம்மா என்று சொன்னதில் இன்னொரு நியாயமும் இருக்கிறது. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி நாட்டின் சாகுபடி உரிமைகளில் சுமார் 14 சதவீதம்தான் பெண்கள் பெயரில் இருந்தது. பட்டா யார் பெயரிலோ அவருக்குத்தான் பயிற்சி அழைப்பு போகும் என்றால், நாற்றுப் பறிப்பவரும் நடுபவரும் களையெடுப்பவரும் விதைநெல்லைப் பானையில் காப்பவரும் வகுப்புக்கு வெளியே நின்றுவிடுகிறார்கள். குத்தகைக்காரருக்கும் இதே கதிதான். கூலி வேலைக்குப் போகிறவர் அரைநாள் வகுப்புக்கு வந்தால் அந்தக் கூலி போய்விடும். இதற்குத் தீர்வு சிக்கலானதல்ல. நடவு உச்சத்தில் இருக்கும் வாரத்தைத் தவிர்க்கலாம். வேலை முடிந்த மாலையில் கூடலாம். அரைநாள் கூலியைப் பயிற்சிச் செலவிலேயே சேர்க்கலாம். பட்டா கேட்காமல் பெயர் எழுதலாம். சாமியானாவுக்கும் பேனருக்கும் ஆகும் செலவைக் குறைத்தாலே இதில் பெரும்பகுதி ஈடாகிவிடும்.

ஒரு பண்ணை புதிதாக வகுப்பு தொடங்க நினைத்தால் பாடத்திட்டத்துக்கு முன் நாட்காட்டியை எழுத வேண்டும். டெல்டாவென்றால் கோடையில் விதை வழங்கும் விழா, விதைப்பதற்கு முந்தைய வாரம் விதைநேர்த்தி, ஐப்பசி கார்த்திகையில் வாராவாரம் பூச்சி எண்ணுதல், கதிர் வந்ததும் கலவன் நீக்குதல், தையில் அறுத்து எடைபோடுதல். மானாவாரிக் காடென்றால் அந்த மண்ணின் மழைக்கேற்ப வேறு நாட்காட்டி. முதல் நாள் வந்த எண்ணிக்கையைப் படமெடுத்து மாட்டுவதைவிட, கடைசி நாள் எடைபோட வந்தவர் எத்தனை பேர் என்று எழுதிவைப்பது உண்மையான மதிப்பெண். அந்த நாளில் ஒரு தராசும் ஒரு பதிவேடும் போதும். இரண்டு கிலோ வாங்கிய பெயருக்கு நேரே நாலு கிலோ என்று எழுதும்போது, ஒரு வகுப்பு முடிந்ததும் அதிலிருந்து இன்னும் இரண்டு பேருக்கு வகுப்பு தொடங்கப்போவதும் அந்த ஒரே வரியில் பதிவாகிவிடும்.