புளியங்கொட்டைக்கு உயிர் வருமா?



கணினிக்குள் பிறந்து, வளர்ந்து, சாகும் புள்ளிகளைப் பற்றி உங்களுக்குத் தெரியுமா? அதன் பெயர் 'லைஃப்', அதாவது வாழ்க்கை விளையாட்டு. இதைக் கண்டுபிடித்தவர் இங்கிலாந்துக் கணித மேதை ஜான் கான்வே (1937–2020). 1970 அக்டோபரில் 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் மார்ட்டின் கார்ட்னர் இதைப் பற்றி எழுதினார். பிறகு உலகமெங்கும் பரவியது.

கட்டம் போட்ட தாள்தான் உலகம். புள்ளி இருந்தால் உயிர், இல்லாவிட்டால் காலி. ஒவ்வொரு கட்டத்தைச் சுற்றியும் 8 கட்டங்கள் உண்டு. விதிகள் மூன்றே மூன்று:

1. சுற்றி 2 அல்லது 3 உயிர் இருந்தால் பிழைக்கும்.
2. அதற்குக் குறைந்தால் தனிமையில் சாகும், கூடினால் நெரிசலில் சாகும்.
3. காலிக் கட்டத்தைச் சுற்றிச் சரியாக 3 உயிர் இருந்தால் அங்கே புது உயிர் பிறக்கும்.

கான்வேயே முதலில் பலகையில் காய் வைத்துத்தான் பார்த்தாராம். நானும் கணக்கு நோட்டில் புளியங்கொட்டை வைத்தேன். வரிசையாக மூன்று வைத்தால் அடுத்த முறை அது நெட்டுக்குத்தாக நிற்கும் என்று தோழிகளிடம் பெருமையாகச் சொன்னேன். ஓரத்துக் கொட்டையை எடுத்தேன், நடுவிலிருந்தது செத்தது, மற்றதும் போச்சு! எல்லோரும் சிரித்துவிட்டார்கள். எனக்கு அழுகையே வந்தது.

இரவு யோசித்தபோதுதான் தப்பு புரிந்தது. ஒவ்வொன்றாக மாற்றக் கூடாது. எது சாகும், எது பிறக்கும் என்று பென்சிலால் குறித்துக்கொண்டு, எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் மாற்ற வேண்டும். மறுநாள் செய்தேன், நெட்டுக்குத்தாக நின்றது!

இப்போது நீங்கள் செய்யுங்கள். முதல் வரிசையில் நடுக் கட்டம், இரண்டாவதில் வலது கட்டம், மூன்றாவதில் மூன்று கட்டமும். மொத்தம் 5 கொட்டை. நாலு முறை மாற்றினால் அதே உருவம் மூலைவாக்கில் ஒரு கட்டம் நகர்ந்திருக்கும். இதற்குக் 'கிளைடர்' என்று பெயர். 1970-இலேயே அமெரிக்காவில் பில் காஸ்பர் குழுவினர், 30 முறைக்கு ஒரு கிளைடரை வெளியே அனுப்பும் உருவத்தைக் கணினி உதவியால் கண்டுபிடித்து, கான்வே அறிவித்த 50 டாலர் பரிசை வென்றார்கள்.

"அக்கா, இதுக்கு உயிர் இருக்கா?" என்று தம்பி கேட்டான். இல்லைதான். ஆனால் நகரச் சொல்லி யாரும் கட்டளை இடவில்லையே! ஒவ்வொரு கட்டமும் பக்கத்து வீட்டை மட்டும்தான் பார்க்கிறது. அதிலிருந்தே இவ்வளவு பெரிய ஆட்டம் வருகிறதே, அதுதான் அதிசயம்!

புளியங்கொட்டை எல்லார் வீட்டிலும் உண்டு. செய்து பார்த்துச் சொல்லுங்கள்!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி